காலைப் புகை

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் பழைய டீசல் வேன் ஒன்று வைத்திருந்தேன். குருசுக்குப்பம் பக்கம் எங்கள் சந்தில்தான் நிறுத்துவேன். எதிர்வீட்டில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, பெரியவரை எல்லோரும் முசியே என்றுதான் கூப்பிடுவோம். அந்த அம்மாவுக்கு ஆஸ்துமா.

வேனில் கோல்ட் ஸ்டார்ட் குமிழ் ஒன்று உண்டு. காலையில் இழுத்துவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். இழுத்தால் என்ஜின் கடகடவென்று அடித்துக்கொள்ளும். என்ஜின் கெட்டுவிடுமோ என்று பயந்து, அதன் கேபிளை நானே கழற்றிப் போட்டேன். சத்தம் அடங்கியது. ஆனால் கிளப்பியதும் கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை சந்து முழுவதையும் அடைத்தது.

"தம்பி, புகை உள்ள வருதுப்பா" என்று பெரியவர் இரண்டு முறை சொன்னார்.

"பழைய வண்டி முசியே, அப்பிடித்தான் இருக்கும்" என்றேன்.

ஒரு மழைக்காலத்து விடியலில் அவரே வந்து கதவைத் தட்டினார். அந்த அம்மாவுக்கு மூச்சு விட முடியவில்லை. ஓடிப்போய் வேனைக் கிளப்பினேன். புகை கொட்டியது. அதற்குள்தான் அந்த அம்மாவைத் தாங்கிப்பிடித்து நடத்தி வந்தோம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வரை இருமல் நிற்கவில்லை. நான் கண்ணாடியில் பின்னால் பார்க்கவே இல்லை.

அவரைச் சேர்த்துவிட்டு நேராகத் தட்டாஞ்சாவடி மெக்கானிக்கிடம் போனேன். பானெட்டைத் திறந்தவர், "கேபிள யாரு கழட்டுனது?" என்றார்.

"நாந்தான்."

"என்ஜின் குளுந்திருந்தா டீசல் பத்திக்க நேரமாவும்ணே. அதனால கொஞ்சம் முன்னாடியே பீச்சணும். அதுக்குத்தான் இது. கழட்டிட்டா எரியாத டீசலே புகையா வரும். சத்தம் ரெண்டு நிமிஷம், சூடானா தானா போயிடும்."

கேபிளைத் திரும்ப மாட்டிக்கொடுத்தார். மறுநாள் காலை சத்தம் பலமாக இருந்தது. புகை பெரும்பாலும் இல்லை.

பத்து நாளில் அந்த அம்மா வீடு திரும்பினார். நான் போய் நடந்ததைச் சொன்னேன். பெரியவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த அம்மா மட்டும், "தெரியாம செஞ்சதுதான" என்றார். தெரியாமல் செய்ததுதான், ஆனால் இரண்டு முறை சொல்லியும் நான் கேட்கவில்லையே.

அதன் பிறகு, மிச்சமிருக்கும் புகையும் அவர்கள் வீட்டுக்குள் போகக் கூடாதென்று, நானும் என் மனைவியும் தினமும் வேனைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் கிளப்பினோம். அந்த அம்மா இன்னும் மூன்று வருடம் இருந்தார். சாவுக்குப் போனபோது பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.