‘எனக்குக் குளிரவில்லை’ என்றொரு பாட்டு

தடித்த கொங்கிறீட் கதவின் இறப்பர் விளிம்பிலிருந்து வந்த மணமும், பலகைத் தட்டுகளில் அடுக்கியிருந்த ஆப்பிள்களின் புளித்த மணமும் கலந்த ஓர் அறையில்தான் நான் முதன்முதலாக ஒலிவாங்கியைக் கையில் பிடித்தேன். நாங்கள் வந்து குடியேறிய சுவிஸ் நகரமான ஷ்லீரனில் அநேகமாக ஒவ்வொரு மாடிக்கட்டடத்தின் அடியிலும், போர் வந்தால் ஒளிந்துகொள்வதற்கென்று அப்படியோர் அறை இருந்தது. போர் வராதபடியால் சுவிஸ்காரர் அதில் கிழங்கும் பனிச்சறுக்குப் பலகைகளும் வைத்திருந்தார்கள். நாங்கள் அதை “பங்கர்” என்போம். ஊரில் எங்கள் பின்வளவில் வெட்டியிருந்த குழிக்கும் அதுதான் பேர்.

எண்பதுகளின் பிற்பகுதி, எனக்குப் பதினைந்து வயது. என் வகுப்புத் தோழி ரெகுலாவின் அண்ணன் பியாட், தன் கூட்டாளிகளோடு அங்கே ஒரு சின்தசைஸரையும், மேளத்துக்குப் பதிலாகத் தட்டும் ஒரு சிறு பெட்டியையும் வைத்துக்கொண்டு “நியூ வேவ்” என்று அவர்கள் சொன்ன இசையைப் பழகிக்கொண்டிருந்தான். அவனுடைய காதலி அவனை விட்டுப் போயிருந்தாள். அந்தப் பிரிவைப் பற்றி ஒரு பாட்டெழுதிவிட்டு, அதைப் பாட ஒரு பெண்குரலைத் தேடியபோது, பள்ளிக்கூடப் பாட்டுக்குழுவில் நான் பாடக் கேட்டிருந்த ரெகுலா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். “போ, எனக்குக் குளிரவில்லை” என்பது பல்லவி. நான் உருகிப் பாடினேன். பியாட் தலையை ஆட்டி, பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு அடுத்ததற்காக நிற்கிறவளைப் போலச் சும்மா சொல் என்றான். சும்மா சொன்னேன். என் ஜேர்மனில் ஒட்டியிருந்த தமிழ் வாடையைப் போக்க நான் கண்ணாடி முன் நின்று பாடுபட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவனோ அதுதான் வேண்டும் என்று அப்படியே பதிவு செய்தான்.

இசைத்தட்டு வந்தபோது, சாம்பல் நிற அட்டையின் பின்புறத்தில் என் பெயரும், இந்த நாட்டுப் பத்திரங்களில் எங்கள் குடும்பப் பெயராகிவிட்ட அப்பாவின் பெயரும் சேர்ந்து இருந்தன. உள்ளூர் வானொலியில் அதைப் போட்டார்கள். அறிவிப்பாளர் எங்கள் பெயரைத் தடுக்கித் தடுக்கி வாசித்ததைக் கேட்டு எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அப்பாவோடு தொழிற்சாலையில் வேலை செய்த குணம் அண்ணை வீட்டுக்கு வந்தார். எங்கள் ஆட்களுக்குள் ஜேர்மன் ஓரளவு தெரிந்தவர் அவர்தான். “பிள்ளையை ஒரு வெள்ளைப் பெடியன் விட்டிட்டுப் போட்டானாம், அதைத்தான் அவள் பாட்டாப் படிச்சிருக்கிறாளாம் எண்டு சனம் கதைக்குது. உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்” என்றார். அதுவரை எவனையும் நிமிர்ந்துகூடப் பார்த்திராத நான், உண்மையிலேயே கைவிடப்பட்டவளைப் போலக் கூசிப்போய்க் குசினிக்குள் நின்றேன். அம்மா அழுதா. அப்பா அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. “சப்பாத்தைப் போடு, அவையின்ர வீட்டை போவம்” என்றார்.

பியாட்டின் தாய் கோப்பியும் கேக்கும் வைத்தார். அப்பா ஜாக்கெட்டைக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தபடி, என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். “பேரை எடுக்கச் சொல்லு. நாங்கள் மானத்தோட இருக்கிற ஆக்கள் எண்டு சொல்லு.” மானத்துக்கு ஜேர்மனில் என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை. “அப்பாவுக்கு வெட்கமாக இருக்கிறதாம்” என்றேன். பாட்டு அவ்வளவு மோசமாக்கும் என்று எண்ணி பியாட்டின் முகம் சிவந்துபோனது.

விற்காமல் கிடந்த அட்டைகளை மேசையில் பரப்பி, தடித்த கறுப்புப் பேனைகளால் என் பெயரை அடிக்கத் தொடங்கினோம். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்பாவும் ஒரு பேனையை எடுத்தார். முதலில் என் பெயரை அடித்தார். பக்கத்தில் இருந்த தன் பெயருக்கு வந்தபோது கை கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் அடித்தார். பியாட்டின் தாய் எழுந்துபோய் யன்னலைத் திறந்தார்.

அதனால் ஒரு பயனும் இருக்கவில்லை. ‘பெயர் சொல்ல விரும்பாத பாடகி’ என்று வானொலியில் அந்த வசந்தம் முழுவதும் அதையே போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின்னால் அந்த மெட்டைச் சீட்டியடித்தார்கள். வின்டர்தூர் நகரில் எங்கள் ஆட்கள் வைத்த ஒரு பூசைக்குப் போனபோது, நாங்கள் உள்ளே வந்ததும் பெண்கள் கதையை நிறுத்தினார்கள். நான் பாட்டுக்குழுவிலிருந்தும் விலகிக்கொண்டேன்.

அந்த வானொலியும் இன்றில்லை, இசைத்தட்டு விற்ற கடையும் இல்லை. பியாட்டின் குழு இரண்டாவது பாட்டைப் போடாமலேயே கலைந்தது. குணம் அண்ணை காலமாகிவிட்டார். போன மாரியில், முதியோர் இல்லத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தபோது, அவர் திடீரென்று, “அந்தப் பாட்டில நீ என்னதான் பிள்ளை சொன்னனீ?” என்று கேட்டார். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. நான் தமிழில் சொன்னேன்: போ, எனக்குக் குளிரவில்லை, கையுறையையும் நீயே கொண்டுபோ.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“நல்லாத்தானே இருக்கு” என்றார். “பிறகேன் நீ பாட்டுப் படிக்கிறதை விட்டனீ?”

மறந்துபோய்க் கேட்கிறாரா, நினைவிருந்தே கேட்கிறாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ என்றேன்.