ஊசியில் நின்ற வண்ணத்துப்பூச்சி

ஐம்பதுகளின் நடுவில், மஸ்கெலியாவுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலக்கும் வேலையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மடிப்புக் கேமராவோடு ஓடைக்கரைக்குப் போய்ப் பூச்சிகளைப் படம் பிடிப்பேன். தும்பிகள் கொஞ்சம் இடம் கொடுத்தன. வண்ணத்துப்பூச்சிகளோ நான் நெருங்குவதற்குள் பறந்துவிடும்.

பிலிம் கழுவித் தந்தவர் ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருந்த முஸ்லிம் பெரியவர். அவர்கள் வழக்கப்படி, அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவேன். கல்யாணப் படங்களை எடுத்து அலுத்துப்போன அவர், என் பூச்சிப் படங்களை மட்டும் வாசல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்ப்பார்.

ஒருமுறை ஒரு ரோல் முழுக்க வெறும் பூக்களாகவே வந்தது. அடுத்த வாரம் வலையும் ஈதரில் நனைத்த பஞ்சும் கொண்டுபோனேன். கறுப்பில் நீலம் கலந்த பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று அகப்பட்டது. மயக்கத்தான் நினைத்தேன், செத்துவிட்டது. சிறகை விரித்து, பூவின்மேல் குண்டூசியால் குத்தி நிறுத்திப் படம் எடுத்தேன்.

நானா படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இவ்வளவு கிட்டப் போக விட்டுச்சா தம்பி?"

"ரெண்டு மணி நேரம் அசையாம உக்காந்திருந்தேன் நானா. அப்புறம் அதுக்குப் பயம் போயிருச்சு."

தபால் அட்டை அளவில் பிரதி எடுத்துக் கடையின் கண்ணாடிக்குள் வைத்தார். கடைத்தெருவுக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் நின்று பார்த்துப் போனார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு, கேமராவும் அதை நிறுத்தும் முக்காலியுமாக அவரே பஸ்ஸில் வந்து இறங்கினார். "நீங்க சொன்ன மாதிரி நானும் உக்காந்து பாக்குறேன்" என்றார். முழங்கால் வலிக்காரர். ஓடைக்கரை ஈரக் கல்லில் இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தார். காலில் ஏறிய அட்டையைச் சவர்க்காரம் தேய்த்து நான்தான் எடுத்துவிட்டேன்.

"எனக்குப் பொறுமை பத்தல தம்பி" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். "இன்னொரு நாள் கிடைக்கும் நானா" என்றேன். அந்த வார்த்தையை நம்பி இன்னும் நான்கு ஞாயிறுகள் வந்தார். கடைசித் தடவை மழையில் நனைந்து காய்ச்சலோடு திரும்பினார். அதற்கும் மருந்து கலக்கிக் கொடுத்தவன் நான்.

பிறகு யாரோ அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கேட்டிருக்கிறார்கள். நான் கடைக்குப் போனபோது பெரிய பிரதி மேசைமேல் கிடந்தது.

"பெருசாக்கினப்ப ஊசியோட தலை தெரியுது" என்றார். குரலில் கோபம் இல்லை. நான் தலைகுனிந்து நின்றேன். அவர், "வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதன்பின் என் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல், உறையில் போட்டபடியே தந்தார். இரண்டு தடவைக்கு மேல் என்னால் அங்கே போக முடியவில்லை; நுவரெலியாவில் வேறு கடையில் கொடுக்கத் தொடங்கினேன். சில வருடம் கழித்து, மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று துணிந்து ஹட்டனுக்குப் போனேன். ஸ்டூடியோ இருந்த இடத்தில் ஒரு தையற்கடை. நானா, மகள் வீட்டோடு போய்விட்டாராம். எந்த ஊர் என்று தையற்காரருக்குத் தெரியவில்லை.