நிருதி லிங்கப் பட்டியல்

அண்ணன் காவி கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போய் ஐந்து வருடமாகிறது. இமயமலைக்கெல்லாம் போகவில்லை. இதே திருவண்ணாமலையில், கிரிவலப் பாதையில்தான் இருக்கிறான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். உள்ளூரிலேயே சொந்த அண்ணனைக் கண்டுபிடிக்கத் துப்பில்லாதவள் நான். போன வருடம் அம்மா செத்துப்போனார். அதுகூட அவனுக்குத் தெரியாது. எப்படியாவது சொல்லிவிட வேண்டும்.

கிரிவலத்தை வீடியோ எடுத்துப் போடுகிறவர்கள் இங்கே கொசுவைவிட ஜாஸ்தி. அன்னதான வரிசையில் எங்காவது அண்ணன் தெரிவானா என்று, அம்மா இருந்தபோதே அவர்களையெல்லாம் பின்தொடர ஆரம்பித்தேன். முந்நூறு பேரைத் தாண்டியதும் தலை சுற்றியது. பாதையில் எட்டு லிங்கக் கோயில்கள். யார் எந்த லிங்கத்தருகே வழக்கமாக எடுக்கிறார்களோ, அதன்படி பிரித்து எட்டுப் பட்டியல் போட்டேன். மலையைக் காட்டாமல் தன் மூஞ்சியையே காட்டுகிறவர்களுக்கு ஒன்பதாவது. அதுதான் எல்லாவற்றையும்விட நீளம்.

"அண்ணனைத் தேடுறியா, செல்லுக்குப் பூஜை பண்றியா?" என்பார் கணவர்.

"நீங்க வேணா போய்த் தேடுங்களேன்" என்பேன். போக மாட்டார்.

போன பௌர்ணமியன்று மதியம், நிருதி லிங்கப் பட்டியலில் அண்ணன் வந்தான். பாக்குமட்டைத் தட்டில் சாம்பார் சாதம். தாடி நரைத்திருந்தது. அந்த இடக்கைச் சாப்பாடு மட்டும் மாறவில்லை. அம்மா எத்தனை அடித்தும் மாறாத பழக்கம். மேலே 'இன்றைய கிரிவலம்' என்று போட்டிருந்தது.

ஆட்டோவைப் பாதி வழியில் போலீஸ் மறித்துவிட்டது. மீதித் தூரம் ஓடினேன். வரிசையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் கையாகப் பார்த்தேன். எல்லாம் வலக்கை. அழுகையை அடக்கிக்கொண்டு, வீடியோ போட்டவருக்கு மெசேஜ் அனுப்பினேன். அவரே போனில் கூப்பிட்டார்.

"அது ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்ததுங்க. இந்த பௌர்ணமிக்கு ஊர்ல இல்ல, அதான் பழச போட்டுட்டேன்."

ரெண்டு வருடம் முன்னால் அம்மா இருந்தார். கையோடு கூட்டிப்போய்க் காட்டியிருக்கலாம்.

சாலையோரத்தில் உட்கார்ந்து வீடியோவை மறுபடி போட்டேன். இந்த முறை அவன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில், பச்சைப் புடவையில் ஒருத்தி செல்லைத் தேய்த்துக்கொண்டே நடந்து போகிறாள். கடைசிவரை தலையைத் தூக்கவில்லை. அது நான்தான்.