படத்தின் முதுகில் இருந்த முடிவு

வாரப் பத்திரிகையில் வரும் படக்கதைகளைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிச் சேர்ப்பது என் பைத்தியம். அரியலூர் ஸ்டேஷனில் குமாஸ்தா என்பதால், ரயிலில் வரும் இதழ் முதலில் என் கைக்குத்தான் வரும். யுத்தக் காகிதப் பஞ்சத்தில் ஓர் அங்குலம்கூட வீணாக்காமல், படத்தின் முதுகிலும் கதையை அச்சடிக்கிறார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை.

ஒருநாள் வழக்கம்போல் படத்தை வெட்டி, கஞ்சிப் பசை தடவி ஒட்டிவிட்டேன். மத்தியானம் தெருப் பெண்கள் நால்வர் சூழ்ந்திருக்க, பிரிந்த தம்பதியின் தொடர்கதையில் கடைசிப் பகுதியை என் மனைவி வாசித்தாள். திடீரென்று நிறுத்தி, இதழில் நான் வெட்டிய ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள்.

"நீங்க பொம்மை பாக்க, எங்க கதையோட வாலை வெட்டிட்டீங்களே!"

ஈரத்துணியால் ஒற்றி உரித்தேன். படமும் கிழிந்தது, எழுத்தும் கரைந்தது. அவள் அசரவில்லை. ஓட்டையைப் பார்த்தே மளமளவென்று வாசித்து, தம்பதியைச் சேர்த்துவைத்தாள். பெண்கள் கண்ணைத் துடைத்தபடி எழுந்தார்கள்.

இப்போதெல்லாம் இதழ்களை வெட்டாமல், கோணி ஊசியால் முழுசாகத் தைத்து வைக்கிறேன். பிறகு கிடைத்த நல்ல பிரதியில், கதாசிரியர் அந்தத் தம்பதியைச் சேர்க்கவே இல்லை. அதைப் பெட்டியடியில் ஒளித்திருக்கிறேன். உங்கள் பத்திரிகையில் இந்தக் கடிதம் அச்சானால் மட்டும், அவள் படிக்குமுன் இன்னொரு தடவை கத்தரியை எடுக்க வேண்டியிருக்கும்.