தட்டைத் தொட்டு உணர்ந்து

எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். ஆறாம் வகுப்பிலேயே அந்தப் பதவி எனக்கு வந்துவிட்டது. மருந்து அட்டை, டிவிக்காரன் கொடுத்த உத்தரவாதச் சீட்டு, பிஸ்கட் உறையின் பின்பக்கம், எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். தெரியாத வார்த்தை வந்தால் தெரியாது என்று நான் சொன்னதில்லை. முன்னும் பின்னும் உள்ள தெரிந்த வார்த்தைகளை வைத்து ஒரு வாக்கியம் கட்டிக் கொடுத்துவிடுவேன். கேட்டவர்கள் திருப்தியாகப் போவார்கள்.

அந்த வருடம்தான் மாமா இரண்டு ரெக்கார்டு பிளேயர்களைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கினார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. செல்லூரில் அப்பாவோடு விசைத்தறியில் நின்றவர், அது பிடிக்காமல் கல்யாண வீடுகளில் ரேடியோ செட் கட்டும் வேலைக்குப் போய்விட்டார். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவர் அவர் தலையில் கட்டியவைதான் இந்த இரண்டும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சாதாரண மிஷின்கள். உள்ளே ஒரு ரப்பர் பெல்ட்தான் மிஷினின் தட்டைச் சுழற்றும். கூடவே இருபது இசைத்தட்டுகள். எதிலும் பாட்டு கிடையாது. தம் தம் தம் என்று அடி மட்டும்.

அம்மா கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டாள். “எப்படா பாட்டு வரும்?”

“இதுதாங்க்கா பாட்டு.”

“இது மாவு மில்லுல்ல?”

அப்பா அதைவிட ஒரு படி மேலே போனார். “இதக் கேக்கவா கல்யாணத்துக்கு வருவாய்ங்க? நம்ம தறியவே தூக்கிட்டுப் போயி ஓட்டலாமே மாப்ள!” சிரித்து முடித்துவிட்டு, சிரிக்காமல் இன்னொன்றும் சொன்னார். “கோச்சடைக் கல்யாணத்துல இது எடுபடலேன்னா எல்லாத்தையும் வித்துப்புட்டு மறுபடி தறிக்கு வந்துரணும். ஆமா.”

கோச்சடையில் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளை பெங்களூரில் வேலை பார்ப்பவர். அவருடைய நண்பர்கள் இந்த அடிதான் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மாமாவுக்கு ஒரு மாதம் இருந்தது.

செய்ய வேண்டியது என்னவோ கேட்பதற்கு எளிதுதான். ஒரு இசைத்தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, அது முடிவதற்குள், அடுத்த தட்டை அதே வேகத்துக்குக் கொண்டுவந்து மேலே ஏற்ற வேண்டும். இரண்டு அடியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும். விலகினால் செருப்பு அறுந்தவன் நடப்பதுபோலக் கேட்கும். மாமாவுக்கு முதல் இரண்டு வாரமும் செருப்பு அறுந்தபடியே இருந்தது. இரண்டாவது இசைத்தட்டைக் கையால் பிடித்து நிறுத்தி, சரியான நேரத்தில் விட வேண்டும். அவர் பிடித்ததும் மிஷினே நின்றுவிடும். விட்டதும், தூங்கி எழுந்தவன் சோம்பல் முறிப்பதுபோல ஊஊம் என்று இழுத்துக்கொண்டு கிளம்பும்.

“மருமகளே, இந்தப் புத்தகத்துல என்ன போட்ருக்குன்னு படிச்சுச் சொல்லு” என்று பெட்டிக்குள் இருந்த சிறிய புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

படித்தேன். தட்டின் மேல் ‘ஃபெல்ட் மேட்’ வைக்கவும் என்று இருந்தது. மேட் என்றால் பாய். மிஷினின் தட்டின் மேல் ஏற்கெனவே ஒரு ரப்பர் வட்டம் ஒட்டியிருந்தது, அதுதான் பாய். ஃபெல்ட்? அதை நாங்கள் வகுப்பில் ராகம் போட்டே சொல்லியிருக்கிறோம். ஃபீல், ஃபெல்ட், ஃபெல்ட். உணர்தல். ஃபெல்ட் என்று ஒரு கம்பளித் துணி இருக்கிறது என்பதோ, இசைத்தட்டுக்கும் ரப்பருக்கும் நடுவே அது இருந்தால்தான் இசைத்தட்டைப் பிடித்தாலும் மிஷின் நிற்காமல் சுற்றும் என்பதோ அன்று எனக்குத் தெரியாது. அந்தப் பெட்டியில் இருந்த இரண்டு கறுப்பு வட்டத் துணிகளும் அப்போது அடுப்படியில் இருந்தன. ஒன்று சோற்றுப் பானைக்கு அடியில், மற்றது குழம்புச் சட்டிக்கு அடியில்.

“தட்டைத் தொட்டு உணர்ந்த பிறகுதான் வைக்கணுமாம் மாமா.”

“தொட்டு உணர்றதா?”

“ஆமா. போட்ருக்கு.”

அன்றிலிருந்து மாமா ஒவ்வொரு முறையும் உள்ளங்கையைத் தட்டின் மேல் வைத்து, கண்ணை மூடி, ஒரு மூச்சு விட்ட பிறகே இசைத்தட்டை வைத்தார். அம்மா கும்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். இழுவை மட்டும் போகவில்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பழங்காநத்தத்தில் ரேடியோ செட் வைத்திருந்த ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் நேரே அடுப்படிக்குப் போனார்.

“டேய், சோத்துப் பானைக்கு அடியில வைக்கிறதுடா அது!”

“எனக்கு வேணும்க்கா.”

இரண்டையும் துவைத்துக் காயப்போட்டார். மறுநாள் தட்டு இழுக்காமல், விட்ட நொடியில் பாய்ந்து கிளம்பியது.

“நான் சொன்ன மாதிரி தொட்டீங்களா?” என்றேன்.

மாமா அந்தத் துணியையும் என்னையும் பார்த்தார். “தொட்டேன் மருமகளே. நீ சொன்னது சரிதான்.”

நானும் அதற்குப் பிறகுதான் பழகினேன். ஹெட்போனை ஒரு காதில் வைத்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, இரண்டு அடியையும் சேர்த்துவிட்டால் உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு வரும். எல்லாம் என் ஆங்கிலத்தால் வந்தது என்ற எண்ணம் அந்தச் சிலிர்ப்பை இன்னும் கூட்டியது.

கோச்சடை மண்டபத்தில் மாமா என்னைப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துக்கொண்டார். முதல் தட்டு ஓடியது. முன்வரிசைப் பெண்கள், “தம்பி, பாட்டப் போடுப்பா” என்றார்கள். அப்பா கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாமா இரண்டாவது மிஷினின் தட்டைத் தொட்டார், கண்ணை மூடினார், இசைத்தட்டை வைத்தார், பிடித்தார், விட்டார். எது முடிந்தது எது தொடங்கியது என்று மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. பெங்களூர் நண்பர்கள் கூச்சலிட்டு ஆடினார்கள். கட்டியிருந்த கையை அப்பா எப்போது அவிழ்த்தார் என்று நான் கவனிக்கவில்லை, பார்த்தபோது தட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது கண்ணாடி போட்ட நண்பர் ஒருவர் மாமாவிடம் வந்து, ஏன் ஒவ்வொரு முறையும் தொடுகிறீர்கள் என்று கேட்டார். மாமா என்னைக் காட்டினார். “புத்தகத்துல போட்ருக்கு. எங்க மருமக படிச்சுச் சொன்னது.” அவர் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சிரித்தார், மாமாவின் காதில் ஏதோ சொன்னார். அது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சத்தத்தில் மாமா கத்திச் சொன்ன பதில் கேட்டது.

“தெரியும்ணே! பிள்ளகிட்ட மட்டும் சொல்லிராதீங்க!”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முழுப் புத்தகத்தையும் படித்துச் சொன்னவள் நான். என்னிடமே தொழில் ரகசியத்தை மறைக்கிறார்! இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அடுத்து வந்த கல்யாணத்துக்காக வாங்கிய வேறொரு கருவியின் புத்தகத்தோடு வந்து நின்றார்.

“அந்தக் கண்ணாடிக்காரர்கிட்ட என்ன மறைச்சுப் பேசுனீங்க? அதச் சொன்னாத்தான் படிப்பேன்.”

மாமா தலையைச் சொறிந்தார். “அது ஒண்ணுமில்ல மருமகளே. ஒரு சின்னக் கோளாறு. அதான் யாருக்கும் தெரிய வேணாம்னு சொன்னேன்.”

“சரிபண்ணியாச்சா?”

“அம்புட்டுப் பெரிய கோளாறு இல்ல. நாள் போகப் போகத் தன்னால சரியாயிரும்.”

மிஷின் எங்கேயாவது தன்னால் சரியாகுமா? படிக்காதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, புத்தகத்தை வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன்.