ராகு காலமும் கூவன் நீரிணையும்: ஸ்கொட்லாந்துக் கடலில் எட்டு நாள்

முதலில் ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். ஒஸ்லோவில் பெஸ்தும் பக்கத்துப் படகுத்துறையில் 27 அடிப் பாய்ப்படகு ஒன்று விலைக்கு நின்றது. 1979இல் கட்டியது, விலை 85,000 குரோனர். நான் ட்ராம் பட்டறையில் மின்வேலை செய்பவன். மாரி முழுக்கப் பின்னேர வகுப்புக்குப் போய்ப் படகோட்டும் சோதனை பாஸ் பண்ணி, அந்தப் படகை ஆறு தரம் போய்த் தடவிப் பார்த்தும் ஆயிற்று. குறுக்கே நின்றது ஒரே ஒரு ஆள்தான்: என் மனைவி வசந்தி.

அவளைக் குறை சொல்ல வரவில்லை. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கிளாலிக் கடலைப் படகில் தாண்டி வந்தவள் அவள். அந்தப் பயணத்தைப் பற்றி அவள் கதைப்பதில்லை, நானும் கேட்பதில்லை. நோர்வேக்கு வந்த இத்தனை வருஷத்தில் நேசொட்டன் ஃபெரியில்கூட அவள் கால் வைத்ததில்லை. கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஒரு வாரம் என்னோடு பாய்ப்படகில் வருவாள். முடிவில் “ஓம்” என்றால் படகை வாங்குவது, “இல்லை” என்றால் படகு என்ற சொல்லையே நான் வீட்டில் எடுக்கக் கூடாது. படகுக்காரர் நல்ல மனுஷன், நாங்கள் திரும்பும் ஞாயிறு பின்னேரம் எட்டு மணிவரை வேறு ஆளுக்குக் கொடுக்காமல் வைத்திருக்க ஒத்துக்கொண்டார்.

ஒஸ்லோ ஃபியோர்டை விட்டுவிட்டு ஏன் ஸ்கொட்லாந்து என்று கேட்பீர்கள். வசந்தியின் நிபந்தனை அது. “இஞ்சை கடலிலை வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுத்தனெண்டால், பின்னேரம் கோயிலிலை பத்துப் பேர் சுகம் விசாரிப்பினம். தெரிஞ்ச சனம் ஒண்டும் இல்லாத இடமாப் பாருங்கோ” என்றாள். என்னோடு பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஆர்னெ வருஷா வருஷம் ஸ்கொட்லாந்தில் படகு வாடகைக்கு எடுப்பவர். அனுபவம் இல்லாத ஆளுக்கு அங்கே படகு தரமாட்டார்கள். ஆகவே காகிதத்தில் அவர் கப்பித்தான், நான் மாணவன். மகளுக்கு ஸ்ட்ரோம்மனில் ஒரு சப்பாத்துக் கடையில் கோடை வேலை, அவளைத் தங்கச்சி வீட்டில் விட்டோம்.

2007 யூன் கடைசி வெள்ளிக்கிழமை வெளிக்கிட்டோம். விமானம் தோர்ப்பிலிருந்து காலை 11.00 மணிக்கு. வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12.00 வரை ராகு காலம் என்று நான் கொஞ்சம் நடுங்கிக்கொண்டிருந்தேன். “வீட்டு வாசலைத் தாண்டிற நேரம்தான் கணக்கு, பிளேன் கணக்கில்லை” என்று வசந்தி தீர்ப்புச் சொல்லி, ஆறு இருபதுக்கே என்னை வாசலால் தள்ளிவிட்டாள். அப்பாடா என்றிருந்தது.

ஒஸ்லோவிலிருந்து தோர்ப்புக்குப் பஸ்ஸில் ஒன்றே முக்கால் மணித்தியாலம், ஆளுக்கு 170 குரோனர். விமானம் போக வர 690. பிரெஸ்ட்விக்கில் இறங்கும்போது கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினேன். (கடிகாரத்தை நினைவில் வைத்திருங்கள், பிறகு வரும்.) விமானச் சீட்டைக் காட்டினால் கிளாஸ்கோ ரயிலில் பாதி விலை, 50 நிமிடம். அங்கே பின்னேரம்வரை ஊர் சுற்றிவிட்டு, ஒரு ஸ்டேஷனிலிருந்து மற்றதுக்குப் பத்து நிமிடம் நடந்து, மாலை 6.20க்கு ஓபன் ரயிலைப் பிடித்தோம். மூன்று மணித்தியாலம், 17 பவுண். இடப்பக்க ஜன்னலில் இருங்கள். ஏரியும் மலையும் மாறி மாறி வரும், ஒன்பதரைக்கும் நல்ல வெளிச்சம்.

சனிக்கிழமை ஓபனில் படகைப் பொறுப்பெடுத்தோம். 31 அடி, ஒரு வாரத்துக்கு 1,080 பவுண், மூன்று பேர் பிரித்துக்கொண்டோம். வசந்தி பயணப்பையைத் திறந்ததும் ஆர்னெ வாயைப் பிளந்துவிட்டார். சீனிச்சம்பல், இரண்டு கிலோ பருத்தித்துறை வடை, இடியப்ப மா, உரல் இல்லாத குறை ஒன்றுதான். “எட்டு நாளா, எட்டு மாதமா?” என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை அந்த வடையை அவர் ஒளித்து வைத்துத் தின்றதை நானே கண்டேன்.

ஞாயிறு காலை மல் தீவின் ஓரமாக டோபர்மோரிக்கு, 25 கடல்மைல், ஐந்தரை மணித்தியாலம். உயிர்காப்பு அங்கியை இறுக்கக் கட்டி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி, வசந்தி ஒரு மூலையில் இருந்தாள். டோபர்மோரித் துறைமுகத்தில் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று வீடுகள் வரிசையாக நின்றன. “ஆர் இந்தப் பெயின்ற் தெரிஞ்செடுத்தது? எங்கடை சனம்தான் ஆரோ இருந்திருக்கினம்” என்றாள். காலையிலிருந்து அதுதான் அவளின் முதல் பேச்சு. எனக்கு உயிர் வந்தது.

திங்கள் முழுக்க மழை. செவ்வாய் காலை 8.00க்கு ஸ்டஃபா தீவுக்கு, 22 கடல்மைல். மல்லின் வடமேற்கு முனையைச் சுற்றும்போது அத்திலாந்திக் அலை எங்களைத் தூக்கித் தூக்கி வைத்தது. இப்போது வெட்கத்தை விட்டு ஒன்று சொல்ல வேண்டும். சத்தி எடுத்தது நான். மூன்று தரம். வசந்தி வடையைக் கடித்துக்கொண்டு என் முதுகைத் தடவினாள். “கடலோட்டம் படிச்சவருக்குச் சத்தி, படியாதவளுக்கு வடை” என்று அவள் சொல்ல, ஆர்னெ என்னவென்று கேட்க, நானே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய கொடுமையும் நடந்தது.

ஸ்டஃபாவில் ஆர்னெ படகோடு நிற்க, நாங்கள் இருவரும் ரப்பர் தோணியில் கரைக்குப் போனோம். அறுகோணக் கற்றூண்கள் தண்ணீருக்குள்ளிருந்து எழும்பி நிற்கின்றன, பனங்குற்றிகளை அளவெடுத்து அடுக்கினது போல. மேலே புல்வெளியில் பஃபின் பறவைகள். செம்மஞ்சள் காலை வைத்து அது நடக்கிற நடை இருக்கிறதே! “கலியாண வீட்டிலை புதுச் சப்பாத்துக் கடிக்கிற மாப்பிள்ளைத் தோழன்” என்று சொல்லி வசந்தி வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். ஐம்பது நிமிடம் அங்கே இருந்தோம், இன்னும் இருந்திருக்கலாம்.

அன்று பின்னேரமே ஆறு கடல்மைல் தள்ளி அயோனாவில் நங்கூரம் போட்டோம். புதன்கிழமை நல்ல வெயில். வெள்ளை மணலும் பச்சைத் தண்ணீருமாக, ஸ்கொட்லாந்து என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். தண்ணீர் பன்னிரண்டு பாகை குளிர். வசந்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கால்வரை கடலுக்குள் இறங்கி நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. படம் எடுக்கத் தோன்றவில்லை, அதற்காக வருத்தமும் இல்லை.

வியாழன் 35 கடல்மைல், நீண்ட நாள். வந்த வழியால் திரும்புவது சோம்பேறி வேலை என்று ஆர்னெ தெற்கால் சுற்றி எங்களை க்ரூவ் என்ற சின்னப் படகுத்துறைக்குக் கொண்டுபோனார். வழியில் ஏழு மக்ரல் மீன் பிடித்தார். மறுநாள் வெள்ளி, மச்சம் இல்லை என்பதால் ஏழையும் அன்றே குழம்பு வைத்து முடித்தோம். சாப்பிட்டு முடிய ஆர்னெ என்னிடம், “நாளைக்கு நீ கப்பித்தான். கணக்கு முழுக்க உன்னுடையது. பாறையில் மோதப் போனால் மட்டும் வாய் திறப்பேன்” என்றார்.

வெள்ளிக்கிழமைப் பயணத்தில் ஒரு வில்லங்கம் இருந்தது. வடக்கே ஓபனுக்குத் திரும்ப, கூவன் நீரிணையால் போக வேண்டும். இருநூறு மீற்றர் அகலம். பெருக்கிலும் வற்றிலும் தண்ணீர் அதற்குள்ளால் ஆறு ஏழு நொட் வேகத்தில் ஆறு மாதிரி ஓடும். எங்கள் படகின் இயந்திரமோ ஐந்து நொட். ஆகவே தண்ணீர் வடக்கே திரும்பி முதல் ஒரு மணித்தியாலத்துக்குள், அது முறுக்கேற முதல், உள்ளே நுழைய வேண்டும். விட்டால் அடுத்த தரம் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து. சனி காலை 9.00க்குப் படகை ஒப்படைக்க வேண்டும். நான் பெருக்கு வற்று அட்டவணையைப் பார்த்து, தண்ணீர் 11.30க்குத் திரும்பும், நீரிணைக்கு நாலரைக் கடல்மைல், ஆகவே 10.45க்கு வெளிக்கிடுவது என்று அழகாக எழுதி வைத்தேன்.

10.40. இயந்திரம் ஓடுகிறது, கயிற்றை அவிழ்க்கக் குனிகிறேன். வசந்தி கைப்பையிலிருந்து நாட்காட்டித் தாளை எடுத்தாள்.

“இஞ்சேருங்கோ, பன்னெண்டு மணிக்குப் போவம். இப்ப ராகு காலம்.”

“வாசல்தான் கணக்கெண்டு நீர்தானே சொன்னீர்?”

“ஒரு கிழமையா இதுதானே வீடு. அப்ப இதுதான் வாசல்.”

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. “கடலுக்கு ராகுவும் தெரியாது கேதுவும் தெரியாது!” என்று கத்தினேன். பக்கத்துப் படகுக்காரன் தேத்தண்ணீர்க் கோப்பையோடு எட்டிப் பார்த்தான். ஆர்னெ, “ராகு என்றால் என்ன, மூடுபனியா?” என்றார். ஒன்றும் தொடங்கக் கூடாத ஒன்றரை மணித்தியாலம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு விளங்கப்படுத்தினேன். நோர்வேயின் வடகோடி ஹம்மர்பெஸ்டில் பிறந்த மனுஷன் அவர், அசையவேயில்லை. “எங்கள் கிழவர்கள் வெள்ளிக்கிழமை முழுக்கக் கடலுக்குப் போகமாட்டார்கள். உங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம்தானே” என்றார்.

வசந்தியின் முகத்தைப் பார்த்தேன். பிடிவாதம் இல்லை, பயம். அந்த ஒடுக்கமான தண்ணீரைப் பற்றி இரவு நான் வீரமாக அளந்ததெல்லாம் அவளுக்குள் போய் இருந்திருக்கிறது. இப்போது இழுத்துக்கொண்டு போனால் ஞாயிறு பதில் “இல்லை”தான். நின்றால் தண்ணீர் முறுக்கேறிவிடும், ஏழு நொட்டில் அவளை அதற்குள் கொண்டுபோக என்னால் முடியாது. எப்படிப் பார்த்தாலும் படகு போயிற்று என்று நினைத்தேன். இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டு, முன்பக்கத்தில் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன்.

கால் மணித்தியாலம் போயிருக்கும். “இஞ்சை ஒருக்கா வாங்கோ” என்று கூப்பிட்டாள். மடியில் என் அட்டவணை. வசந்தி முதியோர் இல்லத்தில் ஐம்பத்திரண்டு பேருக்கு வேலைமுறைப் பட்டியல் போடுகிறவள், துர்னுஸ் என்று இங்கே சொல்வோமே, அது. சும்மா இருக்கிற நேரம் எந்தப் பட்டியலைக் கண்டாலும் அடியிலிருந்துதான் வாசிப்பாள்.

“இந்தக் கீழை சின்ன எழுத்திலை என்ன கிடக்கு?”

வாசித்தேன். நேரங்கள் கிரீனிச் நேரத்தில் உள்ளன, கோடைகாலத்தில் ஒரு மணித்தியாலம் கூட்டவும்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. தண்ணீர் திரும்புவது 11.30க்கு அல்ல, 12.30க்கு. 10.45க்கு வெளிக்கிட்டிருந்தால் எதிர்த்தண்ணீரின் வாய்க்குள் போய் நின்றிருப்போம். ஆர்னெயைத் திரும்பிப் பார்த்தேன். அந்த ஆளுக்கு வாய் காதுவரை. “நேற்றே கண்டேன். துறைமுக வாயில் வைத்துச் சொல்ல இருந்தேன். இருபது வருஷத்துக்கு முதல் இதே பிழையை விட்டு, ஒன்றேகால் மணித்தியாலம் ஒரே பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான்.”

“ராகு காலம் காப்பாத்தினது, பாத்தீரே” என்று வசந்தியிடம் அசடு வழிந்தேன்.

“ராகு காலம் ஒண்டும் காப்பாத்தேல்லை. நீங்கள் அடிக்குறிப்பு வாசிக்கேல்லை” என்றாள்.

12.05க்குக் கயிற்றை அவிழ்த்தோம். 1.00 மணிக்குக் கூவன் வாயில். தண்ணீர் எங்களை மெல்லப் பிடித்து இழுத்தது. இரண்டு பக்கமும் கரை பறக்கிறது, நடுவில் ஒரு பாறை, குறுக்கே ஒரு குட்டி ஃபெரி காத்து நின்று கை காட்டுகிறது. சுக்கான் என் கையில், பாறையைக் கண் வைத்துச் சொல்லும் வேலை வசந்திக்கு. “இடப்பக்கம்! இன்னும்! காணும், காணும்!” என்று அவள் போட்ட சத்தத்தில் பயமே இல்லை. எட்டு நிமிடத்தில் மறுபக்கம் போய் விழுந்தோம், மூவரும் கூவினோம். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோசமான எட்டு நிமிடம் மிகக் குறைவு.

போக நினைக்கிறவர்களுக்குக் கொஞ்சம். விமானம், ரயில், படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்து எங்கள் இருவருக்கும் 14,500 குரோனர் முடிந்தது. யூன் கடைசியில் போனால் பஃபின் பார்க்கலாம். அந்தி நேரம் கரையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கொசு கடித்துப் பிடுங்கும், நீளக் கைச் சட்டை வேண்டும். படகு ஓட்டத் தெரியாவிட்டால் ஓபனிலிருந்து ஸ்டஃபாவுக்கும் அயோனாவுக்கும் ஒருநாள் சுற்றுலா உண்டு. வடை கட்டாயம். எந்த அட்டவணையையும் அடியிலிருந்து வாசியுங்கள்.

ஞாயிறு பின்னேரம் தோர்ப் பஸ்ஸில் ட்ராமன் நகரைத் தாண்டும்போது, ஒரு குறும்பு என்னைப் பிடித்தது. நாட்காட்டியில் இருப்பது ஊர்ச் சூரியனின் கணக்கு. ஸ்கொட்லாந்தில் சூரியன் 4.35க்கு எழும்பி இரவு 10.20க்குப் படுக்கிறது. பகலை எட்டாகப் பிரித்து வெள்ளிக்கு உரிய நாலாவது பங்கை எடுத்தால், உண்மையான ராகு காலம் 11.15 முதல் கிட்டத்தட்ட 1.30 வரை. நாங்கள் கயிறு அவிழ்த்தது, நீரிணையைத் தாண்டியது, எல்லாம் நட்ட நடு ராகுவில். கணக்கைப் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி, வெற்றி வீரன் மாதிரி அவளிடம் நீட்டினேன்.

பார்க்கக்கூட இல்லை. “தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“உங்கடை அடிக்குறிப்பை வாசிச்ச கையோடை என்ரை கலண்டர்ரை அடிக்குறிப்பையும் வாசிச்சனான். அந்தந்த ஊர்ச் சூரியனைப் பாக்கச் சொல்லிக் கிடந்தது. அங்கையே கணக்குப் பாத்திட்டன்.”

“பிறகேன் வெளிக்கிட ஓமெண்டனீர்?”

“தண்ணி திரும்பிற நேரம் எல்லோ” என்றாள். பிறகு தன் கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து என் மடியில் வைத்தாள். “எட்டு மணிக்கு முதல் அந்தப் படகுக்காரருக்கு அடியுங்கோ.”