நாகராஜுக்கு ஊற்றிய பால்

தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அண்டா தேய்ப்பவள் தேவானை. கோட்டூர்புரம் குடியிருப்பில் தரைத்தளத்தில் அவள் வீடு, இரண்டாவது மாடியில் என் வீடு. படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள முறையாகப் பயிற்சி எடுத்து, அடையாறு, மயிலாப்பூர் வீடுகளில் வேலை பார்த்தவள் நான். அதனால்தான் அவள் கதை எனக்குத் தெரியும்.

அவள் புருஷன் நாகராஜ் பெயிண்டர். ஒரு கடைக்கு வெள்ளையடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்தான். தலையில் அடி. அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து மூச்சு மிஷினில் வைத்தார்கள். பிறகு தொண்டையில் துளை போட்டுக் குழாய் பொருத்தி, கொஞ்சம் கொஞ்சமாக மிஷினிலிருந்து பிரித்தார்கள். மிஷின் வேண்டாம் என்றானதும் கட்டிலும் வேண்டாம் என்றானது. அடுத்தவன் வெளியே ஸ்ட்ரெச்சரில் காத்திருந்தான். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சளி உறிஞ்சும் மிஷினை வாடகைக்கு எடுத்தோம். குழாயை எவ்வளவு தூரம் விடுவது, எப்போது நிறுத்துவது என்று ஒருமுறை காட்டினேன். மறுமுறை அவளே செய்தாள். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி, பால். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது. மண்டபத்து வேலையை விட்டுவிட்டாள். நாகராஜ் கண் திறப்பான், அவள் நடக்கும் பக்கம் பார்வை போகும். அவ்வளவுதான். அது வளருமா என்று டாக்டருக்கே தெரியாது. தேவானைக்கு வேண்டியதெல்லாம் அவன் மறுபடியும் மிஷினுக்குப் போகக்கூடாது என்பது மட்டும்.

நாகராஜின் அக்கா சந்திரிகா ஆற்றங்கரையில் குடிசை இருந்தவரை எங்கள் பக்கத்திலேயே இருந்தவள். அரசாங்கம் குடிசையை எடுத்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகு இரண்டு பஸ் மாறி வருவாள். தாயில்லாத பிள்ளையாக நாகராஜை வளர்த்தவள் அவள்தான். வந்தால் அவன் காலடியில் உட்கார்ந்து தொண்டைக் குழாயில் வரும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பாள்.

"இப்டி இழுத்துகினு கீதே, உனுக்குக் காதுல உழலியா?"

"அது சளி. இழுவையில்ல."

"எங்கம்மாக்கும் இத்தே சத்தந்தான். எல்லாருமா பால் ஊத்துனோம், சுகமாப் போச்சு. ஏதோ ஆசய மனசுல வெச்சிகினுதான் இவன் உசுரு நிக்குது."

"ஆசதான். எனுக்குச் சோறு போடணும்னு. போயி டீ குட்ச்சிட்டு வா."

"மூக்குல ஊத்துற, வாய்ல ஊத்துனா இன்னாடி? மன்சன் வாயி எத்துக்குக் கீது?"

நானும் சொன்னேன். அவனுக்கு விழுங்கத் தெரியாது, வாயில் ஊற்றினால் வயிற்றுக்குப் போகாது, நேராக நெஞ்சுக்குத்தான் போகும் என்று. சந்திரிகா தலையாட்டினாள். கேட்டுக்கொண்டதாக நினைத்தேன்.

ஒரு நாள் காலை தண்ணீர் லாரி வந்தது. தேவானை குடங்களோடு ஓடினாள். வரிசையில் நின்று அவள் திரும்புவதற்குள் சந்திரிகா டம்ளரில் பாலை எடுத்து, தம்பியின் தலையை மடியில் தூக்கி வைத்து, பேர் சொல்லி அழுதுகொண்டே மூன்று ஸ்பூன் ஊற்றியிருக்கிறாள். தேவானை போட்ட கூச்சலில் இறங்கி ஓடினேன். நாகராஜின் உதடு நீலம். தொண்டைக் குழாயில் பால் நுரை நுரையாக வந்தது. உறிஞ்ச உறிஞ்ச வந்தது.

ஆஸ்பத்திரியில் எல்லா மிஷினிலும் ஆள் இருந்தது. டாக்டர் சின்னப் பெண், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஆக்சிடென்ட் கேஸ் ரெண்டு வெளியே இருக்கும்மா. மிஷின் காலியானா தர்றேன். அதுவரைக்கும் இதை அமுக்குங்க" என்று கையால் அமுக்கும் மூச்சுப் பையைக் குழாயில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. மிஷின் போதாமல் தேவானை அந்தப் பையைப் பிடிக்க வேண்டியிருக்கிறதே, ஆஸ்பத்திரியை அப்படி வைத்தவர்கள் அங்கே இல்லை.

தேவானை பயத்தில் வேகவேகமாக அமுக்கினாள்.

"மெதுவா அமுக்கு. வேகமா அமுக்கினா மூளைக்குப் போற ரத்தம் கொறையும். நீ மூச்சு விடும்போது அவனுக்கும் குடு" என்றேன்.

அண்டா தேய்த்த கை. பிடித்துக்கொண்டது. அவளுக்கு விரல் மரத்தால் நான், எனக்கு மரத்தால் அவள். மத்தியானம் சந்திரிகா வந்து நின்றாள்.

"குட்றீ. நா கொஞ்ச நேரம் அமுக்குறேன்."

"வாணாம்."

"எந்தம்பிடீ அவன்."

"தெரியும். தள்ளி நில்லு, காத்து வரட்டும்."

பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதானவர் மிஷினில் இருந்தார். அவர் மனைவி தேவானைக்குத் தன் பொட்டலத்திலிருந்து தயிர் சாதம் எடுத்து வாயில் ஊட்டிவிட்டாள். தேவானையின் கை இரண்டும் பையில் இருந்ததால் வேறு வழியில்லை. சாயங்காலம் அந்த மனிதர் இறந்தார். துணி போர்த்தி எடுத்துப்போன கொஞ்ச நேரத்தில் மிஷின் எங்களுக்கு வந்தது.

"அவங்க எனுக்குச் சோறு ஊட்டுனாங்க பெரீம்மா," என்றாள் தேவானை என்னிடம். கையை விரிக்க முடியாமல் மடியில் வைத்திருந்தாள். "அத்த மென்னுகினே அந்தாளு எப்போ போவான்னு பாத்துகினு இருந்தேன்."

நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமோனியா வந்தது, இறங்கியது. மறுபடி மிஷினிலிருந்து பிரித்தார்கள், மறுபடி வீடு. ஆனால் அவள் பக்கம் திரும்பிய அந்தப் பார்வை திரும்பி வரவில்லை. கண் திறக்கிறான், கூரையைப் பார்க்கிறான். மூச்சு மட்டும் சொந்த மூச்சு.

வந்த அன்றைக்கே தேவானை கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டாள். என்னைத் தவிர யாருக்கும் திறப்பதில்லை. சந்திரிகா பழம் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவாள். குழாயடியில் பேச்சு: "கூடப் பொறந்தவள உள்ள வுடலன்னா அவ பொம்பளையா?" "ஊனத்துக்குக் காசு வருதில்ல, அதுக்குத்தான் பூட்டி வெச்சிகினு கீறா." அதைவிடப் பெரிய கூத்து, சந்திரிகாவே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது. "நா பால் ஊத்துனேன். போற உசுரு ருசி பாத்துத் திரும்பிச்சு. மிஷின்லேர்ந்து ரெண்டாந்தரம் எவன் பொழச்சு வர்றான்?" எங்கள் பிளாக்கில் இழுத்துக்கொண்டு கிடந்த ஒரு மூதாட்டிக்கு, கைராசிக்காரி என்று சந்திரிகாவையே கூப்பிட்டுப் பால் ஊற்ற வைத்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் போய்ச் சொல்றேன். அவ ஊத்தினதாலதான் இப்படிக் கெடக்கறான்னு சொல்றேன்."

தேவானை உறிஞ்சும் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சொல்லாத. தெரிஞ்சா அது தூக்குல தொங்கிடும். புள்ள மாரி வளத்தது. அப்புறம் அந்தச் சாவும் என் கணக்குலதான் ஏறும்."

"அதுக்காக ஊரு உன்னைக் காறித் துப்பட்டுமா?"

"துப்பட்டும். கதவ சாத்திதானே வெச்சிகீறேன்."

இதை எழுதப்போகிறேன் என்றும் சொன்னேன். "எழுதிக்கோ. அதுக்குப் படிக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டு நாகராஜை இடப்பக்கம் புரட்டினாள். எலும்பும் தோலுமாக இருந்தாலும் கனக்கிறான். ஒருத்தியால் முடிகிற வேலையில்லை அது.